இருபத்தொன்று இல்லாத மேசை

ஒருவர் முப்பத்தொரு வருடம் ஒரே வேலையைச் செய்தால், அந்த வேலை கடைசியில் எங்கே போய்ச் சேருகிறது? செய்த பொருள் வெளியே போய்விடுகிறது. கையில் ஒரு பழக்கம் மட்டும் மிஞ்சுகிறது. அது யாருக்காக மிஞ்சுகிறது?

எதுவும் வீண்போவதில்லை என்று இதற்கு உடனே பதில் சொல்கிறவர்கள் உண்டு. எனக்கு அந்தப் பதில் பிடிப்பதில்லை. வீண்போனவை கண்ணுக்கு முன்னால் நிறையக் கிடக்கின்றன. இருந்தாலும் தாளக்காவை நினைக்கும்போதெல்லாம் இந்தக் கேள்வி வந்து நிற்கிறது. அவருடைய வாழ்க்கைதான் இதைக் கேட்பதுபோல் இருக்கிறது. அவர் கேட்டதாக எனக்கு நினைவில்லை.

தாளக்கா என்பது பைண்டிங் கூடத்தில் வைத்த பெயர். அச்சகத்தின் பின்பக்கத்தில் நீளமான ஓர் அறை. மூன்று ஜன்னல்கள்; ஒன்று பல வருடப் பசை இறுகித் திறக்காது. அச்சாகி வரும் தாள்களை எண்ணி அடுக்குவது அவர் வேலை. ஒரு கட்டின் மூலையைப் பிடித்து மணிக்கட்டைத் திருப்புவார். தாள்கள் விசிறிபோல் விரியும். விரிந்த ஓரத்தில் விரல் ஐந்தைந்து தாளாகத் தள்ளிக்கொண்டே போகும். ஒரு தள்ளலுக்கு ஓர் எண். நூறு தள்ளல் வந்தால் ஐந்நூறு தாள், அதாவது ஒரு ரீம். அவர் எண்ணிய கட்டை யாரும் திரும்ப எண்ணுவதில்லை.

அந்த மேசையில் எண்ணுவதற்கென்று ஒரு முறை இருந்தது. ஒண்ணு, ரெண்டு என்று ஒன்பது வரை; அடுத்தது பத்து. மறுபடி ஒண்ணிலிருந்து ஒன்பது வரை, அடுத்தது இருவது. மறுபடி ஒண்ணிலிருந்து, முடிவில் முப்பது. பதினொன்று, இருபத்தொன்று என்ற எண்களே அங்கே கிடையாது. "பதினெட்டுன்னு வாய் சொல்லி முடிக்கறதுக்குள்ள விரல் ரெண்டு தாண்டிப் போயிடும்" என்பார். யார் தொடங்கிய முறையோ தெரியாது. அவருக்கு முன்பு அந்த மேசையில் இருந்த பெண்களும் அப்படித்தான் எண்ணினார்கள். வெளியாட்கள் கேட்டால் சிரிப்பார்கள் என்று, யாராவது உள்ளே வந்தால் தாளக்கா சத்தத்தை விழுங்கிவிடுவார். உதடு மட்டும் அசையும்.

அவருடைய அண்ணனைத்தான் எனக்கு முதலில் தெரியும். பத்திரிகை ஒன்றில் மெய்ப்புத் திருத்தி ஓய்வுபெற்றவர். ஓய்வு என்பது சம்பளத்துக்குத்தான். சிவப்புப் பேனா ஓயவில்லை. காலையில் வரும் பத்திரிகையைத் திருத்துவார், மருந்துச் சீட்டைத் திருத்துவார். இரண்டாம் மாடியில் குடியிருக்கும் எலக்ட்ரீஷியன் தன் கதவில் ஒட்டியிருந்த பலகையில் ஒரு ஒற்றெழுத்து விட்டுப்போயிருந்தது. அதைச் சுண்ணக்கட்டியால் சேர்த்துவிட்டு வந்தார். அன்றிலிருந்து எலக்ட்ரீஷியன் மாடிப்படியில் எதிரே வந்தால் சுவரைப் பார்த்துக்கொண்டு போவார்.

அண்ணி இறந்த பிறகு தாளக்கா தன் வாடகை அறையைக் காலி செய்துவிட்டு, மூன்றாம் மாடியில் இருந்த அண்ணன் வீட்டுக்கு வந்தார். ஆறு வருடம் ஆகிறது. அவருடைய திருமணம் இரண்டு வருடம் நீடித்திருந்தது. அதைப் பற்றி அவர் பேசியதில்லை. ஐம்பத்துநாலு வயதில் அவரைப் "பாப்பா" என்று கூப்பிட உலகத்தில் ஒரே ஆள்தான் மிச்சம்.

அந்த ஆளுக்குப் போன வருடம் மாரடைப்பு வந்தது. லேசானதுதான் என்றார்கள். வீட்டுக்கு அனுப்புகிற அன்று டாக்டர் தாளக்காவைத் தனியாகக் கூப்பிட்டு, இதயம் பலவீனமாகத்தான் இருக்கிறது, திடீரென்று நின்றுபோகவும் கூடும் என்று சொன்னார்.

"வீட்ல வேற யாரு இருக்கா?"

"நான்தான்."

"அப்ப நீங்க சி.பி.ஆர் கத்துக்கிட்டா நல்லது. நெஞ்சை அமுக்கி ரத்தத்தை ஓட வைக்கறது. ஆம்புலன்ஸ் வர்ற வரைக்கும் நீங்கதான் அவருக்கு இதயம்."

டாக்டர்கள் எப்போதாவது இப்படிப் பேசிவிடுகிறார்கள். அவர் மறந்திருப்பார். தாளக்கா பேருந்தில் உட்கார்ந்து வீடுவரை அதையே நினைத்துக்கொண்டு வந்தார்.

வகுப்பு நூலகத்து மாடியில், நான்கு சனிக்கிழமை மதியம். ஆம்புலன்சில் வேலை பார்த்த ஒரு நர்ஸ் நடத்தினார். எல்லோரும் சிஸ்டர் என்றார்கள். இரண்டு ஆசிரியைகள், ஒரு சமையல்காரர், நீச்சல் குளத்துக் காவலாளி ஒருவர், இவர். முதல் வகுப்பில் காயங்கள். சுட்டுக்கொண்டால் பற்பசை தடவக் கூடாது, குழாய்த் தண்ணீரில் இருபது நிமிடம் காட்ட வேண்டும். மூக்கில் ரத்தம் வந்தால் அண்ணாந்து பார்க்கக் கூடாது, முன்னால் குனிய வேண்டும். தொண்டையில் ஏதாவது சிக்கினால் முதுகில் எங்கே, எப்படி அடிப்பது. சிஸ்டர் ஒவ்வொருவராகக் கேட்டுக்கொண்டே வந்தார்.

"நீங்க எங்க வேலை பார்க்கறீங்க அக்கா? பைண்டிங்கா? அங்க கத்தி பட்டா என்ன பண்ணுவீங்க?"

"தாளைக் கிழிச்சுச் சுத்தி, மேல பசை தடவிடுவோம்."

வகுப்பே சிரித்தது. "ஆளையே பைண்டு பண்ணிடுவீங்க போலிருக்கே" என்றார் நீச்சல் குளத்துக்காரர். தாளக்காவும் சிரித்தார்.  ஆனால் பைண்டிங் கூடத்துப் பழக்கம் எதையும் இங்கே எடுத்துவரக் கூடாது என்று முடிவு செய்துகொண்டார்.

வகுப்பில் கொடுத்த கையேட்டை வீட்டில் அண்ணன் சிவப்புப் பேனாவோடு வாங்கினார்.

"பாப்பா, இங்க பாரு. 'நஞ்சின் நடுவில் கையை வைத்து அமுக்கவும்.' எந்த நஞ்சு? குப்பியிலயா, பாம்புக்குள்ளயா?"

"நெஞ்சுண்ணா."

"கொம்பு போயிடுச்சு. ஒரு கொம்பு போனா மனுஷன் செத்தான்." சொல்லிவிட்டு, தன் நகைச்சுவை போன திசை பிடிக்காமல், பேனாவை மூடினார்.

இரண்டாவது சனிக்கிழமை பொம்மை வந்தது. இடுப்புக்குக் கீழே இல்லாத, வாய் சற்றே திறந்த ரப்பர் மனிதன். சரியான ஆழத்துக்கு அமுக்கினால் உள்ளே 'டக்' என்று சத்தம் வரும். வேகம் சரியாக இருந்தால் தோளில் பச்சை விளக்கு எரியும். தாளக்கா அமுக்கினார். டக்கும் இல்லை, பச்சையும் இல்லை.

"நல்லா அமுக்குங்க அக்கா. பொம்மைதான், கோவிச்சுக்காது."

"வலிக்குமே."

"வலிக்குதுன்னு வாய் திறந்து சொன்னா நல்லதுதானே? ஆள் உயிரோட இருக்காருன்னு அர்த்தம். விட்டுட்டு எந்திரிச்சு வந்துடுங்க."

"எவ்வளவு ஆழம் போகணும்?"

"அஞ்சு சென்டிமீட்டர். ஆறைத் தாண்டக் கூடாது."

அவருக்கு அது எண்ணாக மட்டும் காதில் விழுந்தது. எண்களோடு வாழ்ந்தவர்தான், ஆனால் அளவுகள் அவருக்குக் கையில்தான் தெரியும். கொஞ்ச நேரம் பொம்மையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். பிறகு எழுந்துபோய், அறை மூலையில் நகல் எடுக்கும் இயந்திரத்துக்குப் பக்கத்தில் இருந்த பிரிக்காத தாள் பொட்டலம் ஒன்றைத் தூக்கி வந்தார்.

"இவ்வளவா?"

சிஸ்டர் அளவுகோலை வைத்துப் பார்த்தார். ஐந்து.

"ஒரு ரீம்" என்றார் தாளக்கா. பொட்டலத்தின் விளிம்பில் உள்ளங்கையை வைத்து, மேலிருந்து அடிவரை ஒருமுறை தடவினார். திரும்பிப் போய் மண்டியிட்டார். டக். அடுத்ததும் டக். அதற்குப் பிறகு ஆழத்தைப் பற்றி அவரிடம் யாரும் எதுவும் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

ஆனால் வேகம் ஒரே சீராக நிற்கவில்லை. முப்பது முறை அமுக்க வேண்டும், பிறகு இரண்டு முறை வாயோடு வாய் வைத்து மூச்சு. அந்த முப்பதை அவர் பள்ளிக்கூடத்தில் சொல்வதுபோல் ஒழுங்காக எண்ணினார். பத்து வரைக்கும் பச்சை எரிந்தது. பதினொன்றில் மினுக்கியது. இருபதைத் தாண்டியதும் அணைந்தது.

"சோர்வு அக்கா" என்றார் சிஸ்டர். "எல்லாருக்கும் வர்றதுதான். இருபதுக்கு மேல போனா யாருக்கும் பச்சை நிக்கறதில்ல. கைக்குப் பலம் வந்தா சரியாயிடும்."

உண்மையில் எல்லோருக்கும் அணைந்தது. நீச்சல் குளத்துக்காரருக்கும் அணைந்தது. ஆனால் தாளக்காவுக்கு அந்தச் சொல் ஒட்டவில்லை. ஒரு நாளில் எத்தனையோ ரீம் தூக்கி இறக்குகிற கை. அது சோர்ந்தால் அவருக்குத் தெரியும். சோரவில்லை.

அந்த வாரம் மாலைகளில், வீட்டுக் கூடத்தில் ஒரு போர்வையை மடித்துப் போட்டு அமுக்கிப் பார்த்தார். அண்ணன் நாற்காலியில் உட்கார்ந்து சுவர்க் கடிகாரத்தைப் பார்த்து வேகம் சொன்னார். சரியாக இருக்க வேண்டுமென்றால் நிமிடத்துக்கு நூறிலிருந்து நூற்றிருபது.

"எண்பத்தெட்டு."

மறுபடி.

"எண்பத்தஞ்சு. நீ என்ன, தாலாட்டுப் பாடறியா?"

"கை போகுதுண்ணா. வாய்தான் இழுக்குது."

அண்ணன் கடிகாரத்திலிருந்து கண்ணை எடுத்தார். "திரும்பச் சொல்லு."

"இருபத்தேழு, இருபத்தெட்டு, இருபத்தொம்பது..."

"ஒண்ணு மூணெழுத்து. இருபத்தொம்பது எட்டெழுத்து. ஒரு அமுக்குக்குள்ள எட்டெழுத்தை எங்க போடுவ? பைண்டிங்லயும் இப்படித்தான் எண்ணுவியா?"

"அது பைண்டிங் எண்ணிக்கை. வகுப்புக்குப் படிச்சவங்கள்லாம் வர்றாங்க."

"படிச்சவங்க நெஞ்சு வேற வேகத்துலயா அடிக்குது?"

தாளக்கா திரும்ப மண்டியிட்டார். போர்வையின் மேல் கையை வைத்தார். ஒண்ணு ரெண்டு மூணு நாலு அஞ்சு ஆறு ஏழு எட்டு ஒம்பது பத்து. ஒண்ணு ரெண்டு மூணு நாலு அஞ்சு ஆறு ஏழு எட்டு ஒம்பது இருவது. ஒண்ணு ரெண்டு மூணு நாலு அஞ்சு ஆறு ஏழு எட்டு ஒம்பது முப்பது. அண்ணன் ஒரு நிமிடம் முடியும்வரை கடிகாரத்தையே பார்த்தார்.

"நூத்திப் பத்து" என்றார். பிறகு, "தாளக்கான்னு வெச்சவன் ஒரு எழுத்து விட்டுட்டான். தாளம் அக்கா."

மூன்றாம் சனிக்கிழமை அவர் பொம்மைமுன் உட்கார்ந்து உதட்டை மட்டும் அசைத்தார். முப்பதிலும் பச்சை எரிந்துகொண்டிருந்தது. இரண்டாம் முப்பதிலும் எரிந்தது. சிஸ்டர் குனிந்து அவர் வாயைப் பார்த்தார்.

"என்னக்கா சொல்றீங்க? சத்தமாச் சொல்லுங்க."

வேறு வழியில்லாமல் சத்தமாகச் சொன்னார். யாரும் சிரிக்கவில்லை. நீச்சல் குளத்துக்காரர் தள்ளி உட்காரச் சொல்லிவிட்டுத் தானும் அப்படியே எண்ணி அமுக்கினார். அவருக்கும் பச்சை நின்றது. ஆசிரியைகளுக்கும் நின்றது. சிஸ்டர் பலகையில் ஒன்றிலிருந்து முப்பது வரை எழுதி வைத்திருந்ததைத் துடைத்தார். "ஏழு வருஷமா சோர்வுன்னு சொல்லிக்கிட்டு இருந்தேன்" என்றார், யாரிடமும் என்றில்லாமல்.

இதைக் கண்டுபிடிப்பு என்று சொல்ல எனக்குத் தயக்கம். தாள் எண்ணும் மேசையில் யார் வேண்டுமானாலும் சொல்லியிருப்பார்கள், கேட்டிருந்தால். அந்த அறையில் அதைத் தெரிந்த ஒருவர் இருந்தார், அவரும் வெட்கத்தில் அதை மறைத்துவைத்திருந்தார் என்பதுதான் எனக்கு முக்கியமாகப் படுகிறது.

நான்காவது வகுப்பு முடிந்த அன்று மாலை ஒரு சிறு விஷயம் நடந்தது. உயிரோடு இருக்கிறவர் நெஞ்சை அமுக்கிப் பழகக் கூடாது என்று சிஸ்டர் சொல்லியிருந்தார். ஆனால் இடத்தைப் பார்த்து வைத்துக்கொள்ளலாம். தாளக்கா இதை எப்படிக் கேட்பது என்று தெரியாமல் சமையலறைக்கும் கூடத்துக்கும் நான்கு தடவை நடந்தார்.

"என்ன வேணும், சொல்லித் தொலை" என்றார் அண்ணன்.

"இடம் பார்க்கணும்."

"எந்த இடம்?" பிறகு புரிந்தது. "நான் இன்னும் போய்ச் சேரலடி."

"அதான் இப்பவே பார்க்கணும்."

அண்ணன் சட்டையின் மேல் பொத்தான்கள் இரண்டைக் கழற்றிவிட்டு, மேலே மின்விசிறியைப் பார்த்துக்கொண்டார். தாளக்கா உள்ளங்கையின் அடிப்பாகத்தை நெஞ்செலும்பின் நடுவில் வைத்தார். சிறுவயதில் கையைப் பிடித்துக்கொண்டு தெருவைக் கடந்தது. அண்ணி போன அன்று ஒருமுறை தோளைத் தொட்டது. அதற்கு மேல் அவர்களுக்குள் தொடுதல் இருந்ததில்லை. இத்தனை வருடமாக ஒரே வீட்டில், தேநீர்க் கோப்பையைக்கூட மேசைமேல்தான் வைப்பார். அண்ணன் அங்கிருந்து எடுத்துக்கொள்வார். இப்போது உள்ளங்கைக்கு அடியில் அது அடித்துக்கொண்டிருந்தது. பழக்கத்தில் அவர் எண்ணத் தொடங்கினார்.

"எத்தனை?" என்று கேட்டார் அண்ணன், விசிறியிடம்.

"ஏழு பத்து, ரெண்டு."

"எழுபத்திரெண்டுன்னு சொன்னா என்ன?"

"அதுக்குள்ள இன்னொண்ணு அடிச்சிடும்."

கையை எடுத்துக்கொண்டார். அண்ணன் பொத்தானைப் போட்டுக்கொண்டார். 

ஐந்து மாதம் கழித்து, ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை பதினோரு மணி இருக்கும். தாளக்கா சமையலறையில் காய் நறுக்கிக்கொண்டிருந்தார். கூடத்தில் அண்ணன் பத்திரிகையும் சிவப்புப் பேனாவுமாக.

"பாப்பா, இந்த மூணாம் பக்கத்துல பாரு, ஒரே வரியில ரெண்டு..."

"ரெண்டு என்ன?"

 பேனா தரையில் உருளும் சத்தம் கேட்டது.

அண்ணன் நாற்காலியில் ஒரு பக்கமாகச் சரிந்திருந்தார். தாளக்கா தோளைத் தட்டினார். "அண்ணா. அண்ணா." கண் திறந்திருந்தது, பார்க்கவில்லை. அப்போது தொண்டையிலிருந்து குறட்டைபோல் ஒரு சத்தம் வந்தது. மூச்சு இருக்கிறது என்று தாளக்கா ஒரு கணம் நம்பினார். உடனே சிஸ்டர் குரல் நினைவுக்கு வந்தது: குறட்டை மாதிரி வரும் அக்கா, அதை மூச்சுன்னு நம்பி ஏமாந்துடாதீங்க. அடுத்தது வருகிறதா என்று பார்த்தார். நெஞ்சு ஏறி இறங்கவில்லை.

கக்கத்தில் கைகொடுத்துத் தரைக்கு இறக்கினார். போனை ஒலிபெருக்கியில் போட்டு அவசர எண்ணை அழுத்தி, முகவரியைச் சொல்லி, மாடியும் சொன்னார். வாசல் கதவைக் காலால் தள்ளித் திறந்துவிட்டு, இரண்டாம் மாடிக்குக் கேட்கும்படி ஒருமுறை கத்தினார். பிறகு மண்டியிட்டார். இடம் கைக்குத் தெரிந்திருந்தது.

ஒண்ணு ரெண்டு மூணு. நாலில் உள்ளே ஏதோ முறிந்தது. பொம்மையின் டக் இல்லை இது. ஈரமான குச்சி உடைவதுபோல இருந்தது. அவர் கை அரைக்கணம் நின்றது. விலா எலும்பு உடையலாம், உடைந்தாலும் நிறுத்தக் கூடாது, எலும்பு கூடிவிடும் என்று சொல்லியிருந்தார்கள். அஞ்சு ஆறு ஏழு.

முதல் முப்பது முடிந்து இரண்டு மூச்சும் கொடுத்தபோது எலக்ட்ரீஷியன் வாசலில் நின்றார். வாயில் பல்தூரிகை இருந்தது. அதை எடுத்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார்.

"அக்கா, நான் என்ன பண்ணட்டும்?"

"அஞ்சு, ஆறு, வீட்ல சொல்லி, ஏழு, எட்டு, கீழ வாசல்ல, ஒம்பது, நிக்கச் சொல்லு, இருவது."

எலக்ட்ரீஷியன் மாடிப்படியில் குனிந்து மனைவியிடம் கத்திவிட்டு உள்ளே வந்தார். இரண்டு நிமிடத்தில் தாளக்காவின் தோள் நிஜமாகவே நடுங்கத் தொடங்கியது. ஆள் மாறினார்கள். எலக்ட்ரீஷியனின் கையைத் தாளக்கா பிடித்து இடத்தில் வைத்தார்.

"இன்னும் ஆழமா. ம். அப்படித்தான்."

"எட்டு, ஒம்பது, பத்து, பதினொண்ணு, பன்னெண்டு..."

"பத்தோட நிறுத்து. திரும்ப ஒண்ணுல இருந்து."

"என்னக்கா?"

"திரும்ப ஒண்ணுல இருந்து. சொல்றதைச் செய்."

அவர் ஒன்றிலிருந்து எண்ணினார். தாளக்கா அண்ணனின் தலையைப் பிடித்துக்கொண்டு பத்து, இருவது, முப்பது என்று முடிவுகளை மட்டும் சொன்னார். இருவர் குரலும் சேர்ந்துகொண்டது. அடுப்பில் எதுவோ தீய்ந்த வாசனை வந்தது, யாரும் எழுந்திருக்கவில்லை. இப்படி மாறி மாறிப் பதினோரு நிமிடம். பதினோரு நிமிடம் என்பது ஆம்புலன்ஸ்காரர்கள் பின்னால் சொன்ன கணக்கு. தாளக்காவைக் கேட்டால் தெரியாது என்பார்.

வந்தவர்கள் சட்டையைக் கத்தரித்து, இரண்டு பட்டைகளை ஒட்டி, எல்லோரையும் விலகச் சொன்னார்கள். இரண்டாவது மின் அதிர்ச்சியில் நாடி திரும்பியது. தூக்கிக்கொண்டு இறங்கும்போது எலக்ட்ரீஷியன் படிதோறும் ஒரு பக்கம் பிடித்துக்கொண்டார். அவர் வீட்டுப் பலகையைத் தாண்டும்போது அதில் சுண்ணக்கட்டியால் சேர்த்த எழுத்து அப்படியே இருந்ததைத் தாளக்கா பார்த்தார். இத்தனை நாளாக அதை யாரும் அழித்திருக்கவில்லை.

மூன்றாம் நாள்தான் அண்ணன் ஒழுங்காகப் பேசினார். நெஞ்சில் மூன்று விலா உடைந்திருந்தது. இருமினால் கண்ணீர் வந்தது.

"என்னடி பண்ணின என்னை? லாரி ஏறின மாதிரி இருக்கு."

"ரெண்டு என்னண்ணா?"

"என்ன ரெண்டு?"

"ஒரே வரியில ரெண்டுன்னு சொன்னீங்க. மூணாம் பக்கத்துல."

அவருக்கு நினைவில்லை. தாளக்கா பையிலிருந்து அந்தப் பத்திரிகையை எடுத்துக் கொடுத்தார். மூன்றாம் பக்கத்தில் ஒரு வரியில் ஒரு சொல்லின்கீழ் சிவப்புக் கோடு இருந்தது. இரண்டாவதை அவர் கண்ணாடியைப் போட்டு, கழற்றி, மறுபடி போட்டுத் தேடினார். கிடைக்கவில்லை.

"எத்தனை தடவை அமுக்கின? உனக்குத் தெரியாம இருக்காதே."

"தெரியல."

"நீயா? எண்ணலையா?"

"எண்ணினேன். முப்பதுக்கு மேல எண்ணல."

அண்ணன் பத்திரிகையை மடித்தார். தேநீர் வந்தபோது தாளக்கா அதைப் பக்கத்து மேசைமேல் வைக்கப்போனார். அண்ணன் கையை நீட்டினார். கையிலேயே கொடுத்தார்.

வீட்டுக்கு வந்த பிறகு சிஸ்டர் ஒருநாள் பார்க்க வந்தார். கையேட்டைப் புதிதாக அச்சிடப்போவதாகவும், மூன்று பத்தாக எண்ணும் முறையை அதில் சேர்க்கப்போவதாகவும் சொன்னார். அண்ணன் மெய்ப்பு பார்த்துக் கொடுத்தார். நெஞ்சுக்குக் கொம்பு வந்தது. கையேடு அதே அச்சகத்தில் அச்சாகி, அதே பைண்டிங் கூடத்துக்கு வந்தது. இரண்டாயிரம் பிரதி.

எண்ண வேண்டிய தாள் மேசைமேல் காத்திருந்தது. விடுப்பு முடிந்து தாளக்கா வேலைக்கு வந்த திங்கட்கிழமை அது. அவர் கைப்பையை ஆணியில் மாட்டிவிட்டு, தன் மேசையைத் தாண்டி ஃபோர்மேனிடம் போனார்.

"என்னைத் தையல் மேசையில போடுங்க."

மடித்த தாள்களை ஊசி நூலால் கோக்கிற மேசை அது. புதிதாக வருகிறவர்களை உட்கார வைக்கிற இடம். ஃபோர்மேன் அவரைவிடப் பத்து வயது சிறியவர்.

"கை வலிக்குதாக்கா?"

"இல்ல."

"கண்ணு ஏதும்?"

"நல்லா இருக்கு."

"யாராவது ஏதாவது சொன்னாங்களா?"

"யாரும் ஒண்ணும் சொல்லல."

"பின்ன என்னக்கா? உங்களை விட்டா இங்க எண்ண யாரு இருக்கா?"

"பக்கத்துல உக்கார்றவங்களுக்குச் சொல்லித் தர்றேன். நான் தைக்கறேன்."

ஃபோர்மேன் முதலாளியைக் கேட்டார்; முதலாளி அண்ணனுக்குப் போன் செய்தார்; அண்ணன் அன்று மாலை தங்கையைக் கேட்டார். "நூல் எப்பவும் இப்படித்தான் முறுக்கிக்குமா?" என்று அவர் பதிலுக்குக் கேட்டார். நானும் ஒருமுறை கேட்டிருக்கிறேன். மழை வரும்போலிருக்கிறது என்றார்; வெளியே வெயில் அடித்தது.

எனக்கு ஒன்றிரண்டு விளக்கங்கள் தோன்றுவதுண்டு. எல்லாம் அவரைவிட எனக்குத்தான் பொருத்தமாக இருக்கின்றன. அதனால் அவற்றை எழுதவில்லை.

அந்த இரண்டாயிரம் கையேட்டின் தாளை எண்ணியது வேறொரு பெண். நடுவில் ஒருமுறை தடுமாறி, "தாளக்கா, நான் இருவதுல இருந்தேனா முப்பதுல இருந்தேனா?" என்று கேட்டாளாம். தாளக்கா ஊசியில் நூல் கோத்துக்கொண்டிருந்தார். நிமிர்ந்து, அந்தக் கட்டையும் அவள் விரலையும் பார்த்தார். சத்தம் இல்லாவிட்டாலும் அந்த அறையில் எதுவும் அவர் காதுக்குத் தப்பாது என்பது எல்லோருக்கும் தெரியும்.

"கவனிக்கலம்மா" என்று சொல்லிவிட்டு, தையலுக்குக் குனிந்தார்.